லோரன்ஸ் பஸ்ஸில் வந்த பேரிப்பூ

என் பிரியமுள்ள அருளப்பு மச்சானுக்கு,

நீ போய் ஒரு வருடமும் சில கிழமைகளும் ஆகிவிட்டன. ஆண்டு நினைவுக்கு என் தங்கச்சி, உன் மனுசி றெஜினா, இந்தப் பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு, கீழே கொஞ்சம் கவிதையும் போட்டிருந்தாள். அதில் உன்னை விண்மீன் என்று எழுதியிருந்தது. நீ வாசித்திருந்தால் வயிறு நோகச் சிரித்திருப்பாய். கவிதை எனக்குச் சரிவராது, அதனால் இந்தக் கடிதம். பத்திரிகைக்காரர் சுருக்கித் தரச் சொன்னார். சுருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் ஆண்டுப் பூசைக்கு நான் போகவில்லை. இது இதற்குள் நம் வட்டாரம் வோபர்ன் முழுக்கத் தெரிந்துவிட்டது. வீடு விற்ற கோபம் சூசைப்பிள்ளைக்கு இன்னும் ஆறவில்லை, அதுதான் செத்த மனுசனின் பூசைக்கும் வரவில்லை என்று கதைக்கிறார்கள். கோபம் ஆறவில்லை என்பது உண்மை. போகாததற்குக் காரணம் அது இல்லை. காரணத்தை நான் உனக்குத்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டால் கேட்கட்டும்.

உன் வீட்டை விற்றுவிட்டார்கள், மச்சான். றெஜினா பிக்கரிங்கில் மகன் றொபினோடு இருக்கப் போய்விட்டாள். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. எல்லாம் முடிந்தபிறகு போனில் சொன்னாள். இத்தனை வருடம் ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் நாங்கள். கேட்டிருந்தால் நான் மறித்திருப்பேன், அதனால்தான் கேட்கவில்லை என்கிறான் மருமகன் றொபின். அவன் சொல்வதும் சரிதான். ஆனாலும் கேட்டிருக்க வேண்டும்.

வாங்கியவர்கள் இளம் சோடி, நல்ல பிள்ளைகள். மார்ச் மாதம் வேலியடிக்கு வந்து, "அங்கிள், பின்வளவில கல்லுப் பதிக்கப் போறம், அந்த மரத்தை எடுக்கப் போறம், சத்தமா இருக்கும், குறை நினைக்காதேங்கோ" என்று மரியாதையாகச் சொன்னார்கள். மொட்டுகள் குச்சியில் வீங்கத் தொடங்கியிருந்த நேரம் அது. உன் பேரிமரம் அரை நாளில் இல்லாமல் போனது. இப்போது அந்த வளவு முழுக்கச் சாம்பல் நிறக் கல். ஒரு புல்லு இல்லை.

அந்த மரங்களை வாங்கிய நாள் உனக்கு நினைவிருக்கிறதா? மரக்கன்றுகள் கழிவு விலைக்கு வந்திருக்கின்றன என்று நீதான் என்னையும் கராஜ்காரன் நஸீரையும் உன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாய். நீ மண்ணிறத் தோல் பேரியை எடுத்தாய். நஸீரும் அதையே எடுத்தான். "மூண்டு பேரும் ஒரே சாதியா எடுப்பம், வம்பில்லை" என்றாய். நீ அப்படிச் சொன்ன ஒரே காரணத்துக்காக நான் மஞ்சள் பேரியை எடுத்தேன். அன்றைக்கு எனக்குத் தேனீயைப் பற்றியும் தெரியாது, மகரந்தத்தைப் பற்றியும் தெரியாது. பிறகு நூலகத்தில் புத்தகம் எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்துத்தான் அறிந்தேன். பேரிமரம் தன் பூவின் மகரந்தத்தில் நன்றாகக் காய்க்காது. பக்கத்தில் வேறு சாதிப் பேரி பூக்க வேண்டும். அந்தப் பூவில் இருந்து இந்தப் பூவுக்குத் தேனீ வர வேண்டும். என் பிடிவாதத்தால்தான் உன் மரமும் என் மரமும் காய்த்தன. இதை நீ கடைசிவரைக்கும் ஏற்றுக்கொள்ளவில்லை.

"தேனீயும் தேவையில்லை, உன்ர விளக்கமும் தேவையில்லை. மரம் எண்டா காய்க்கும்" என்பாய். நான் வேலியில் சாய்ந்து நின்று உனக்கு விளங்கப்படுத்துவேன். ஒரு தேனீ கூட்டைவிட்டுக் கிளம்பினால் அந்தப் பயணம் முடியும்வரை ஒரே வகைப் பூவுக்குத்தான் போகும். பேரியில் தொடங்கினால் பேரி. புல்லுக்குள் கிடக்கும் மஞ்சள் களைப்பூ டான்டிலையனில் தொடங்கினால் டான்டிலையன். நடுவில் மாறாது. நீ கேட்டுவிட்டு, "அப்ப அது உன்ர சொந்தக்காரன் தான். பிடிச்சா விடாது" என்றாய்.

நம் பெரிய சண்டை அந்த டான்டிலையனைப் பற்றித்தான். பேரிப்பூவின் தேன் தண்ணீர் மாதிரி, இனிப்புக் குறைவு. டான்டிலையன் அதே கிழமையில் பூக்கும். நல்ல தேன் நிலத்தில் கிடக்கும்போது தேனீ ஏன் மரத்துக்கு ஏறும்? அதனால் பேரி பூக்கும் கிழமை மட்டும் உன் புல்லை வெட்டு என்று ஒவ்வொரு மே மாதமும் கேட்பேன். ஒவ்வொரு மே மாதமும் உன் புல்லு வெட்டும் மிசின் பழுதாகும். உன் வளவில் இருந்து தேனீ எழும்பிப் போகும்போது அதன் பின்னங்காலில் செம்மஞ்சளாக உருண்டை ஒட்டியிருக்கும். "பார், உது உன்ர புல்லில இருந்து போகுது" என்று காட்டுவேன். நீ தொப்பியைச் சரித்துக்கொண்டு, "நல்லா இருக்கட்டும் பிள்ளை" என்று தேனீயைப் பார்த்துச் சொல்வாய்.

பேரிப்பூவின் மீன் மணத்தையும் நீ விட்டுவைக்கவில்லை. மன்னார்க் கரையில் பிறந்தவன் நீ. "சூசை, மரத்தில கருவாடு காயப் போட்டிருக்கிறியோ?" என்று வேலிக்கு மேலால் கேட்பாய். உன் மரமும் அதே மணம்தான் மணத்தது.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த பின்னேரம், பூ விரியத் தொடங்கிவிட்டது என்று சொன்னேன். கண்ணைத் திறந்து, "புல்லை வெட்டிப்போட்டியோ?" என்றாய். உன் புல்லில் நான் கை வைக்கமாட்டேன் என்றேன். "வெட்டாத. பூக்கட்டும்" என்றாய். அதற்குப் பிறகு நீ என்னோடு ஒன்றும் பேசவில்லை.

இந்த வருடம் மே மாதம் வந்தபோது எனக்கு நெஞ்சுக்குள் ஒரு பயம் வந்தது. என் மரம் முழுக்க மொட்டு. சுற்றிவரப் பேரி என்று வேறு மரம் இல்லை. பூத்துக் கொட்டிவிட்டு, வெறும் இலையோடு நிற்கப் போகிறது. என் மனுசி போனபிறகு இந்த வீட்டில் நான் எழும்பி முதலில் போய் நிற்கும் இடம் அந்த மரத்தடி. கல்கரியில் இருக்கிற மகன் போன் எடுத்து, "அப்பா, வெளியில போகாதேங்கோ, வழுக்கும்" என்பான். தேனீக்கூட்டில் இளசுகள் உள்ளே இருந்து வேலை செய்யும். வயது போனதுகள்தான் பூத்தேடி வெளியே போகும், சிறகு கிழிந்து விழும்வரைக்கும் போகும். இதை மகனுக்குச் சொன்னேன். "அப்பா, நீங்கள் தேனீ இல்லை" என்றான். காய்க்காத மரத்தடியில் நின்று நான் யாருக்காகக் காத்திருப்பது? வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பகிடி பண்ணவும் ஆள் இல்லை.

புத்தகத்தில் ஒரு வழி இருந்தது. வேறு சாதி மரத்தில் பூக்கிளைகளை வெட்டி, வாளித் தண்ணீரில் நிறுத்தி, காய்க்க வேண்டிய மரத்தடியில் வைத்தால் போதும். தேனீ அதற்கும் வரும், மரத்துக்கும் போகும். அப்போதுதான் வெக்ஸ்போர்ட்டில் நிற்கும் நஸீரின் மரம் நினைவுக்கு வந்தது. உன் சாதி. உன் வான் வண்டியில் வந்த மரம்.

அந்தக் கிழமை முழுக்க மழையும் குளிரும். குளிரிலும் மழையிலும் தேனீ வெளிக்கிடாது. என் மரம் அந்த மழைக்குள்ளேயே பூத்தது. பேரிப்பூ சில நாள்தான் தாங்கும். சனிக்கிழமை வெயில் எறித்தது. ஞாயிறு திரும்ப மழை என்று வானொலியில் சொன்னார்கள். சனிக்கிழமைதான் உன் பூசை. இப்போது விளங்குகிறதா, மச்சான்? நான் கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வெளிக்கிட்டேன். பஸ் தரிப்பில் நின்று வெயிலைப் பார்த்தேன். பிறகு ரோட்டைக் கடந்து மற்றப் பக்கப் பஸ்ஸில் ஏறினேன்.

நஸீர் கராஜ் வேலையை விட்டுவிட்டான், முழங்கால் சரியில்லை. விசயத்தைச் சொன்னதும் ஏணியைக் கொண்டுவந்தான்.

"சூசை அண்ணை, இண்டைக்கு அருளப்பு அண்ணையின்ர பூசை எல்லோ?"

"ஓம்."

"நீங்கள் போகேல்லையோ?"

"மரம் இண்டைக்குத்தான் பூத்து நிக்குது."

அவன் ஏணியில் தானே ஏறினான், என்னை ஏறவிடவில்லை. "இது ஒவ்வொரு வருசமும் வெள்ளையடிச்ச மாதிரிப் பூக்கும், அண்ணை. காய் எண்டு ஒண்டு ரெண்டுதான்" என்று மேலே நின்று சொன்னான். அதற்கும் அதே குறைதான், சுற்றிவரத் துணை மரம் இல்லை. நல்ல கிளைகளாகப் பார்த்து வெட்டித் தந்தான்.

வாளியை மடியில் வைத்துக்கொண்டு லோரன்ஸ் பஸ்ஸில் வந்தேன். பூ என் தலைக்கு மேலால் நின்றது. பக்கத்தில் இருந்த எங்கட தமிழ்ப் பெண் ஒருத்தி முதலில் என் கையில் மீன் பை இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அங்கிள், செத்தவீட்டுக்கோ?"

"இல்லைப் பிள்ளை. கலியாணத்துக்கு."

நீ பக்கத்தில் இருந்திருந்தால் மாப்பிள்ளை யார், பொம்பிளை யார் என்று அவளுக்கு விளக்கி, இறங்கும்வரை சிரிக்க வைத்திருப்பாய்.

வீட்டுக்கு வந்து வாளியை மரத்தடியில் ஒரு வாங்குப் பலகையில் வைத்தேன். தேனீ வரத் தொடங்கியிருந்தது. ஓடைப் பள்ளப் பக்கமிருந்துதான் வருகின்றன. யார் வளர்க்கிறார்களோ, இத்தனை வருடத்தில் நான் கண்டுபிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். கால் உளைந்தது. உள்ளே போய்ச் சோபாவில் சரிந்தவன் அப்படியே உறங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது நீ என் முன்னால் இருந்தாய்.

ரீவிக்குப் பக்கத்தில் உன் படம். நீ நீலச் சட்டையோடு சிரிக்கிற அந்தப் படம்தான். இரண்டு பக்கமும் மெழுகுதிரி. படத்தைச் சுற்றி நஸீரின் பேரிப்பூ முழுவதும். வீடு முழுக்கக் கருவாட்டு மணம். முன்னால் றெஜினா முழந்தாளில் இருந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். பூசை முடிந்து, கோயிலில் வைத்த உன் படத்தோடு எனக்குச் சாப்பாடும் ஏச்சும் கொண்டுவந்திருக்கிறாள். றொபின் அவளை இறக்கிவிட்டுப் பெற்றோல் அடிக்கப் போயிருக்கிறான். பக்கக் கேற்றால் வந்தவள் வாளியைக் கண்டிருக்கிறாள்.

எங்கட வீடுகளில் செத்தவரின் ஆண்டு நாளில் ஒரு வாளி வெள்ளைப் பூ நின்றால் அதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

நான் எழும்பியதைக் கண்டு திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

"உங்களை நல்லா ஏச வேணும் எண்டுதான் வந்தனான், அண்ணை. வழி முழுக்க றொபினுக்குச் சொல்லிக்கொண்டு வந்தனான். பூவைக் கண்ட உடன எல்லாம் போட்டுது. அவருக்கு எண்டு நீங்கள் ஒருநாளும் ஒண்டும் வெளியில காட்டினதில்லை."

வீட்டை விற்றபிறகு அவள் என்னோடு இத்தனை சொல் பேசியது அன்றைக்குத்தான். நான் பேசாமல் இருந்திருக்கலாம். நீ இருந்தால் காலால் என் காலை மிதித்திருப்பாய். யன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெயில் வேலியைத் தாண்டத் தொடங்கியிருந்தது. வெயில் தாழ்ந்து குளிர் வந்தால் தேனீ போய்விடும். நாளைக்கு மழை.

"றெஜினா, உது அவனுக்குக் கொண்டுவந்ததில்லை."

"பின்ன ஆருக்கு?"

"மரத்துக்கு."

அவள் செபமாலையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். "செத்த மனுசனுக்கு ஒரு கொத்துப் பூ விடேலாதே உங்களுக்கு?"

"அவனுக்கு என்னத்துக்குப் பூ? அவன்ர மரம் இல்லாம என்ர மரம் காய்க்காது. அதைத்தான் வருசா வருசம் அவனுக்குச் சொன்னனான்."

"ஓம், சொன்னனீங்கள். சண்டையாச் சொன்னனீங்கள். ரெண்டு பேரும் வேலியில நிண்டு கத்தினதில சுத்துவட்டாரம் முழுக்கக் கேட்டது."

அவள் கையை ஊன்றி எழும்பினாள். தூக்கிவிடப் போனேன், வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டாள். மெழுகுதிரியை ஊதி நூர்த்தாள். உன் படத்தைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"பூவை எடுங்கோ."

"எங்க?"

"மரத்தடிக்கு. அவரையும் கொண்டு வாறன். நீங்கள் உங்கட தேனீயைப் பாருங்கோ. நான் என்ர மனுசனைப் பாக்கிறன்."

அப்படித்தான் உன் ஆண்டுச் செபம் என் பின்வளவில் நடந்தது. குசினிக் கதிரை ஒன்றை மரத்தடியில் போட்டு உன்னை இருத்தினாள். நான் வாளிக்குத் தண்ணீர் மாற்றிக் கிளைகளை உனக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். றொபின் திரும்பி வந்து, கேற்றடியில் நின்று எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். "வட் இஸ் கோயிங் ஓன், மாமா?" என்றான். "சத்தம் போடாத, செபம் நடக்குது" என்றேன். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றான்.

றெஜினா செபத்தைத் தொடங்கினாள். பதில் நான் சொல்ல வேண்டும். பாதிக்குப் பாதி சொல்லாமல் விட்டேன், ஏனென்றால் தேனீ வந்துவிட்டது. ஒன்று உன் தோளடியில் நின்ற கிளையில் இறங்கியது. ஒரு பூவுக்குள் சுழன்று, அடுத்த பூவுக்கு நடந்து, உடம்பெல்லாம் மகரந்தத்தோடு எழும்பியது. காற்றில் ஒரு சின்ன வட்டம் போட்டது. கூட்டுக்குப் போகப் போகிறது என்று நினைத்தேன். போகவில்லை. நேரே மேலே ஏறி, என் மரத்தின் தாழ்ந்த கிளையில், விரிந்த பூவொன்றில் போய் இருந்தது.

இத்தனை வருடமாக நான் சொன்னது அதுதான். புத்தகத்தில் வாசித்திருக்கிறேன், உன்னோடு தொண்டை கட்டும்வரை வாதாடியிருக்கிறேன், ஒரே தேனீ ஒரு மரத்துப் பூவில் இருந்து மற்ற மரத்துப் பூவுக்குப் போவதை விடாமல் தொடர்ந்து என் கண்ணால் கண்டதில்லை. இடையில் எப்போதும் வேலி இருந்தது, நீ இருந்தாய், உன் பகிடி இருந்தது, பார்வை தவறிவிடும். அன்றைக்குக் கண்டேன். கண்டதும் கை தன்பாட்டில் வேலிப் பக்கம் நீண்டது. "மச்சான், பார்" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் கல்லுத்தான் கிடந்தது.

"என்னண்ணை பாக்கிறியள்?" என்று றெஜினா செபத்தை நிறுத்திக் கேட்டாள்.

"ஒண்டுமில்லை. நீ சொல்லு."

அவர்கள் பின்னேரம் பிக்கரிங்குக்குப் போய்விட்டார்கள். போகும்போது உன் படத்தைக் கொண்டுபோனாள். கதிரையை நான் உள்ளே எடுக்கவில்லை. தேனீக்கள் ஒவ்வொன்றாகப் போய், மரத்தில் ஒன்றும் இல்லை என்று ஆகும்வரை அதற்குப் பக்கத்தில் இருந்தேன். ஞாயிறு சொன்னபடியே மழை பெய்தது.

இப்போது ஜூன் மாதம். பூவெல்லாம் கொட்டிவிட்டது. அநேகமான காம்புகள் காய்ந்து விழுந்தன. சில மட்டும் கழுத்துத் தடித்து, பச்சையாக நிமிர்ந்து நிற்கின்றன. இன்னும் கொஞ்சத்தை மரம் தானே கழிக்கும். மிச்சம் நிற்கும். அதிகம் பிடித்திருப்பது உன் கதிரை இருந்த பக்கத்தில். போனில் றெஜினாவுக்குச் சொன்னேன்.

"அவர்தான் காய்க்க வைச்சிருக்கிறார்" என்றாள்.

"வாளி அந்தப் பக்கம் வைச்சது, அதுதான்."

"ரெண்டும் ஒண்டுதானே, அண்ணை."

இரண்டும் ஒன்றில்லை. ஆனாலும் இப்போது அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கிறாள், அதனால் வாதாடவில்லை. வீட்டு விசயத்தை நான் மறக்கவும் இல்லை. காய் முற்றினால் அவளுக்கு ஒரு பை அனுப்புவேன். நஸீருக்கும் ஒரு பை.

இன்னொரு செய்தி. என் பக்க வேலியோரம் இந்த வருடம் டான்டிலையன் நிறையப் பூத்தது. உன் புல்லுக்கு வந்த தேனீக்கள் இப்போது எங்கே போகின்றனவோ என்று ஒருநாள் யோசித்தேன். நான் அதை வெட்டவில்லை. இதை நீ வென்றதாக எடுத்துக்கொள்ளாதே. மிசின் பழுது.

அடுத்த வசந்தத்துக்கு முன் நஸீரின் மரத்தில் ஒரு குச்சி எடுத்து என் மரத்தில் ஒட்டுக்கட்டப் போகிறேன். பிடித்தால், உன் சாதிப் பூ என் மரத்திலேயே பூக்கும், பஸ்ஸில் வாளி தூக்க வேண்டியதில்லை. அது பூக்கும் வரைக்கும் வாளியை நான் தூக்குவேன். அடுத்த முறை அங்கே போகும்போது என் பூவையும் நஸீரின் மரத்துக்குக் கொண்டுபோவேன்.

உன் அடுத்த ஆண்டுப் பூசைக்கு நிச்சயம் வருவேன், மச்சான், மழை பெய்தால். வெயில் எறித்தால் நான் எங்கே நிற்பேன் என்று உனக்குத் தெரியும். குசினிக் கதிரையைப் போட்டு வைக்கிறேன். நீ அங்கே வா.

வேலிக்கு இந்தப் பக்கம் இன்னும் நிற்கிற
உன் மச்சான்,
சூசைப்பிள்ளை